நீல வெளிச்சத்தில் ஒன்பது சொட்டு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜூலை மாதப் புதன்கிழமை மாலை. நான் ஏறியிருந்த ஆபீஸ் வண்டி பொம்மனஹள்ளி சிக்னலில் வழக்கம்போல் வேர்விட்டு நின்றுகொண்டிருந்தது. போன் அடித்தது. விவேக் நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண்மணி. அவரிடம் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது.

"பிரதர், நம்ம பச்சை எப்படி இருக்கு?"

"சூப்பரா இருக்கு மேடம்," என்றேன்.

"அப்பாடா! என்னோடது போயிருச்சு பிரதர். மூணு வாரம் முன்னாடி ஹீட்டர் நிக்காம ஓடி, தொட்டியே ரசம் மாதிரி கொதிச்சுப்போச்சு. கழுவி, தண்ணி மாத்தி இப்பதான் எல்லாம் சரியாச்சு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வரேன், ஒரு துண்டு குடுங்க. இன்னும் ரெண்டு பேருக்குக் குடுத்திருந்தேன், அவங்களோடதும் இல்ல. உங்ககிட்ட இருக்கறதுதான் கடைசி."

போனை வைத்தபோது ஏ.சி. வண்டியிலும் எனக்கு வியர்த்திருந்தது. ஏனென்றால் பச்சை சூப்பராக இல்லை. செத்துக்கொண்டிருந்தது.

பச்சை என்பது ஒரு பவளம். கடலுக்கடியில் இருக்க வேண்டியது, என் விதியாலும் அதன் விதியாலும் எங்கள் அடுக்ககத்தின் நான்காவது மாடியில் இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் என் நண்பர்களெல்லாம் மலை ஏறினார்கள், மாரத்தான் ஓடினார்கள். எனக்கு முழங்கால் ஒத்துழைக்காததால், உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய சாகசம் ஒன்றைத் தேடி, எண்பது லிட்டர் கடலைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தேன். நிறையப் படித்துவிட்டுத்தான் வைத்தேன். அதுதான் சிக்கலே. படித்தவனுக்குத் தெரியாததைச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது.

பவளம் பார்வைக்குச் செடி, பிறப்பால் பிராணி, தொழிலால் மேஸ்திரி. கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் எடுத்துத் தனக்குத்தானே கல்வீடு கட்டிக்கொள்ளும். கால்சியம் ஜல்லி என்றால் ஆல்கலினிட்டி சிமென்ட். கடலில் இரண்டும் தீராது. எண்பது லிட்டர் தொட்டியில் தினமும் தீரும். எனவே தினமும் நாம்தான் லோடு இறக்க வேண்டும். ஒரு பாட்டிலில் கால்சியம் கரைசல், இன்னொன்றில் சமையல் சோடா கரைசல். பெங்களூரில் என்னைச் சுற்றி எல்லோரும் கட்டடம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், நானும் ஒருவருக்கு ஜல்லி, சிமென்ட் சப்ளை செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள டெஸ்ட் கிட் உண்டு. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தொட்டித் தண்ணீர் எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஆல்கலினிட்டிக்கு நீலம் மஞ்சளாக மாறும் வரை. எத்தனை சொட்டோ அதுதான் அளவு. எட்டு, ஒன்பது என்றால் நல்லது. கால்சியத்துக்கு ரோஸ் நிறம் நீலமாக மாறும் வரை. இருபத்தொரு சொட்டு வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். நான் எக்செல் ஷீட் போட்டு, வரைபடம் வரைந்து, அதைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு திரிந்தேன். "இந்தப் பவளத்துக்கு வாரத்துக்கு ரெண்டு டெஸ்ட். நீங்க கடைசியா எப்ப சுகர் பார்த்தீங்க?" என்று கேட்டாள் மனைவி. அந்தக் கேள்விக்கு எக்செல்லில் இடம் விடவில்லை.

ஜெராக்ஸ் கடைப் பெண்மணியை அறிமுகப்படுத்தியது ஒரு டாக்குமென்ட்தான். ஏதோ நகல் எடுக்கப் போனவன், கடையின் பின்பக்கம் மின்னிய தொட்டியைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றேன். அசலை மெஷினிலேயே விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் அதை வாங்கப் போனபோது, அவர் தன் தொட்டியில் எட்டு வருடமாக வளர்ந்திருந்த பச்சைப் பவளத்திலிருந்து ஒரு விரல் நீளம் முறித்து, தண்ணீர்ப் பையில் போட்டு நீட்டினார். முன்பின் தெரியாத எனக்கு! காசு வாங்கவில்லை. நிபந்தனை மட்டும் போட்டார். இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்குள் இருக்கும் வழக்கம் அதுவாம்.

"இது சாகறது சகஜம் பிரதர். நாலு வீட்ல இருந்தா ஒரு வீட்லயாவது பொழைக்கும். எங்கிட்ட போச்சுன்னா உங்ககிட்ட வந்து கேப்பேன். அப்ப இல்லன்னு மட்டும் சொல்லிராதீங்க."

அந்த ஒரு விரல் என் தொட்டியில் ஏழு விரலாகியிருந்தது. பிறகு, போன் வருவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, அடியிலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. உயிர்த்தோல் உரிந்து வெறும் எலும்பு தெரிந்தது. நான் மேல்வீட்டில் நடந்த டிரில்லிங்கைச் சந்தேகப்பட்டேன். மனைவி போடும் சாம்பிராணியைச் சந்தேகப்பட்டேன். எண்களைச் சந்தேகப்படவில்லை. ஆல்கலினிட்டி எப்போதும் ஒன்பது, அதற்கு மேல் ஏறினால் அதிகம். அதனால் அந்தப் பாட்டிலைப் பாதியாகக் குறைத்திருந்தேன். கால்சியம் மட்டும் பதினேழு சொட்டுக்கு மேல் ஏற மறுத்தது. அதனால் அந்தப் பாட்டிலைத் தாராளமாக ஊற்றிவந்தேன். ரிப்போர்ட் நார்மல், நோயாளிதான் ஒத்துழைக்கவில்லை என்று சொல்லும் டாக்டரைப்போல நான் தொட்டிமுன் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. வீட்டிலிருந்தே வேலை. வேலை என்ன ஓடும்? ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள். ஏழில் மூன்று விரல் முழுக்க வெள்ளை. மீதி நான்கிலும் வெள்ளை ஏறிக்கொண்டிருந்தது. மதியம் நாலரை மணிக்கு மீண்டும் ஒரு டெஸ்ட் செய்துகொண்டிருந்தபோது காலிங் பெல். எங்கள் அடுக்ககத்து நீச்சல்குளத்தைப் பராமரிப்பவர்.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயதுதான். ஸ்ரீராம்புரத்திலிருந்து வருகிறவர். நான் அசோசியேஷன் கமிட்டியில் நீச்சல்குளப் பொறுப்பாளர். எனக்கு நீச்சல் தெரியாது என்பதைக் கமிட்டி ஒரு தகுதிக்குறைவாகக் கருதவில்லை. முந்தைய வருடம் குளத்துத் தண்ணீர் கலங்கியபோது, டெஸ்ட்டைச் சரியாகச் செய்யவில்லை என்று இவருக்கு நான் ஒரு மெமோ கொடுத்தேன். பிறகு பார்த்தால் ஃபில்டரில் மணல் பழசாகிப் போனதுதான் காரணம். மெமோவை நான் திரும்பப் பெறவில்லை. அவரும் கேட்கவில்லை. வாரா வாரம் வியாழக்கிழமை ரிஜிஸ்டரில் என் கையெழுத்து வாங்க வருவார், நான் போடுவேன், போய்விடுவார்.

அன்று உள்ளே வந்தவர் கூடத்தில் தடுமாறி நின்றார். பாசி பிடிக்குமென்று ஒரு மாதத்துக்கு மேலாகத் திரைச்சீலைகளை மூடியே வைத்திருந்தேன். பவளத்துக்குப் பிடித்த நீல விளக்கு மட்டும் எரியும்.

"இன்னா சார், வூட்டுக்குள்ள தியேட்டர் வெச்சிக்கீறீங்களா?"

தொட்டியைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். பிறகு என் கையிலிருந்த கண்ணாடிக் குழாயைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, நம்ம ஐட்டம்! ஆல்கலினிட்டிதானே சார்? நம்ம பூல்லயும் டெய்லி இதானே பாக்கறேன். குறைஞ்சா சோடா போடறேன். எவ்ளோ வருது?"

"ஒன்பது," என்றேன் பெருமையாக. "ஆனா பவளம் சாகுது."

"எங்க வெச்சுப் பார்த்தீங்க?"

"இங்கதான்."

"இந்த நீல பல்பு கீழயா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை ஒரு சொட்டும் குறையவில்லை. அதுதான் வலித்தது.

"சார், தப்பா நெனைக்காதீங்க. நீலம் மஞ்சளாச்சான்னு நீல வெளிச்சத்துல எப்டி சார் தெரியும்? பால்கனிக்கு எட்த்துனு வாங்க. பூல் ரூம்ல ரூலே ஒட்டியிருக்கு. 'டெஸ்ட் இயற்கை வெளிச்சத்துல, வெள்ளையா எதையாவது பின்னாடி வெச்சுத்தான் பாக்கணும்.' லேமினேசன் போட்டு, கீழ கையெழுத்து வேற."

கையெழுத்து என்னுடையது. மெமோ கொடுத்த கையோடு, எங்கேயோ படித்ததை வைத்து, தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் நானே எழுதி ஒட்டிய விதி. நான்காவது மாடிக்கு அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பால்கனிக்குப் போனோம். மழை விட்டு வெளிச்சம் பளிச்சென்று இருந்தது. ஒரு வெள்ளைச் சாப்பாட்டுத் தட்டைப் பின்னால் பிடித்தார். நான் சொட்டு விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது சொட்டில் நீலம் சட்டென்று மஞ்சளாகிவிட்டது. எலுமிச்சை மஞ்சள். சந்தேகத்துக்கு இடமே இல்லாத மஞ்சள்.

"அஞ்சு," என்றார் அவர்.

ஐந்து! மேஸ்திரி சிமென்ட் இல்லாமல் ஒரு மாதமாக வெறுங்கையோடு நின்றுகொண்டிருக்கிறார், நான் லோடு அதிகமாகிவிட்டதென்று பாதியாகக் குறைத்திருக்கிறேன். கால்சியத்தையும் பார்த்தோம். இருபத்துநாலு சொட்டு வரை ரோஸ் நிறம் அப்படியே நின்றது. திரையை மூடிய பிறகு உள்ளே அந்த ரோஸை ரோஸாகவே நான் பார்த்ததில்லை. பதினேழிலேயே நீலமாகிவிட்டதென்று முடிவுகட்டியிருந்தேன். ஆக, இல்லாததை இருப்பதாகவும், இருப்பதை இல்லாததாகவும் ஒரு மாதம் எக்செல்லில் ஏற்றியிருக்கிறேன், அதுவும் வண்ண வரைபடத்தோடு.

அதைவிடப் பெரிய உண்மை ஒன்று உறைத்தது. நீல வெளிச்சத்தில் மஞ்சள் தெரியவே தெரியாது. அப்படியென்றால் நான் ஏன் ஒவ்வொரு முறையும் ஒன்பதில் நிறுத்தினேன்? எனக்கு ஒன்பது வேண்டியிருந்தது. ஒன்பதாவது சொட்டில் மஞ்சள் மாதிரி தெரிந்தது. அவ்வளவுதான்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார், இதுக்கு மெமோ யாருக்கு குடுக்கறது?"

அவர் சிரிக்கவில்லை. நான்தான் முதலில் சிரித்தேன். பிறகு இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்தபோது எனக்குக் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. பால்கனி வெளிச்சம் காரணம் என்று சொல்லலாம்.

உடனே சோடா பாட்டிலை எடுத்து மொத்தமாகக் கவிழ்க்கப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பதற்றத்தில் கன்னடம் வந்துவிட்டது.

"பேடா சார், வேணாம்! பூல்லயே ஒரேயடியா கொட்னா பால் மாதிரி ஆயிடும். சொல்ப சொல்பமா போடணும்."

நான் படித்த புத்தகங்களும் அதையேதான் சொல்லியிருந்தன. ஒரு நாளைக்கு ஒரு அளவுக்கு மேல் ஏற்றினால் பலவீனமான பவளம் எரிந்துபோகும். கணக்குப் போட்டேன். இன்று ஐந்து, வெள்ளி ஆறு, சனி ஏழு, ஞாயிறு எட்டு. இறுக்கமான கணக்குதான், ஆனால் வழி இருந்தது! ஒரு நாள் அளவை நாலாகப் பிரித்து, நான்கு வேளை ஊற்ற வேண்டும். கால்சியம் பாட்டிலைத் தொடவே கூடாது. வெள்ளிக்கிழமை எனக்கு ஆபீஸ், மனைவிக்கு ஸ்கூல். பகல் இரண்டு வேளைக்கு யார்?

"சாவி குடுத்துட்டுப் போங்க சார். பதினொண்ணுக்கு ஒருக்கா, மூணுக்கு ஒருக்கா. பூலுக்குப் போடறப்பவே இதுக்கும் போட்டுடறேன்," என்றார். நான் அவருக்கு மெமோ கொடுத்தவன்.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் என் மேனேஜர் ஏதோ காலாண்டு இலக்கு பற்றிப் பேசினார். சரியாகப் பதினொன்று ஐந்துக்கு என் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. வெள்ளைத் தட்டு, அதன்முன் மஞ்சள் குழாய், கீழே '5½' என்று. மூன்று மணிக்கு இன்னொரு படம். நான் மேஜைக்கடியில் முஷ்டியை மடக்கினேன், குதிக்காத குறை. இலக்கு பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று மேனேஜர் கேட்டார். "மெதுவா ஏறுது சார், நல்லா ஏறுது," என்றேன். அவர் திருப்தியடைந்தார்.

சனிக்கிழமை காலை டெஸ்ட்டுக்கு மனைவி பால்கனிக்கு வந்தாள். "நீங்க சொட்டு விடுங்க, கலர் நான் சொல்றேன். உங்க கண்ணை இனிமே நம்பறதா இல்ல." இருபது வருட இல்லறத்தில் இவ்வளவு அறிவியல்பூர்வமான ஏற்பாட்டை நாங்கள் செய்ததில்லை. ஏழாவது சொட்டில், "மஞ்சள்!" என்று கத்தினாள். எதிர் பிளாக்கில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

உள்ளே ஓடினோம். நான்கு விரல்களின் நுனியிலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு சின்னச் சின்ன ரோமங்கள் வெளியே நீண்டு, தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன. பவளம் பசியெடுத்துக் கை நீட்டுவது அப்படித்தான். ஒரு மாதமாக அது கையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. சாம்பிராணி மேல் பழி போட்டதற்காக மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதை எழுதித் தரச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு ஜெராக்ஸ் கடைப் பெண்மணி வந்தார். பூசைக்குக் கட்டிய பட்டுப்புடவை, ஒரு கையில் மூடி போட்ட டிபன் பாக்ஸ், மறுகையில் சின்னக் கட்டிங் பிளேயர். நான் வாசலிலேயே ஒப்புதல் வாக்குமூலத்தை ஆரம்பித்தேன். முந்தின நாளே மனப்பாடம் செய்திருந்தேன்.

"மேடம், அன்னைக்கு போன்ல நான் சொன்னது பொய். பச்சை…"

"தெரியும் பிரதர்," என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டித் தொட்டிக்குப் போனார். "நம்ம கூட்டத்துல எவன் சூப்பரா இருக்குன்னு சொல்லியிருக்கான்? நல்லா இருந்தாக்கூட ஒரு குறை சொல்லுவான். நீங்க சூப்பர்னு சொன்னதுமே பிளேயரை எடுத்து வெச்சுட்டேன்."

குனிந்து வெகுநேரம் பார்த்தார். மூன்று எலும்புகள், அடியில் வெள்ளை ஏறிய நான்கு பச்சை விரல்கள். எட்டு வருடம் வளர்த்தது. அவருக்கு அதைக் கொடுத்தவர் ஊரைவிட்டே போய்விட்டாராம். இந்த நான்கு விரல்களைத் தவிர அவர் தேடிப்போக வேறு வீடு இல்லை.

"இதை ரெண்டு நாளைக்கு முன்னாடி பார்த்திருந்தா, போச்சுன்னு சொல்லியிருப்பேன்," என்றார் கடைசியில். "இப்ப கை நீட்டுது பாருங்க. வெள்ளை மேல ஏறறதுக்குள்ள வெட்டிரலாம். வெட்டினா பொழைச்சுக்கும்."

முழங்கை வரை நனையத் தொட்டிக்குள் கைவிட்டார். டிக். டிக். டிக். டிக். அந்த நாலு சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. டிபன் பாக்ஸில் தொட்டித் தண்ணீர் மொண்டு, இரண்டு விரல்களை அதில் போட்டுக்கொண்டார். மற்ற இரண்டையும் சின்னக் கற்களில் பசைவைத்து ஒட்டி, என் தொட்டிக்குள்ளேயே திருப்பி வைத்தார்.

"எனக்கு எதுக்கு மேடம்? நான்தானே கொன்னுட்டு இருந்தேன்."

"உங்ககிட்ட ரெண்டு இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும். என் ஹீட்டரை நான் இனிமே நம்புவேன்னு நெனைக்கிறீங்களா? ஆமா, ஆல்கலினிட்டி இவ்ளோ கச்சிதமா யார் ஏத்தினது?"

கீழே போய் நீச்சல்குளக்காரரைக் கூட்டிவந்தேன். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு, டிபன் பாக்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். "இத்தனூண்டுக்கா சார் மூணு நாளு ஓடினோம்?" என்றார். ஆனால் மூடியை மூட விடாமல் இன்னும் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரும் அந்தப் பெண்மணியும் தண்ணீர் எந்த டிகிரியில் இருக்க வேண்டும், சோடா எந்தப் பிராண்டு என்றெல்லாம் பேச ஆரம்பித்தார்கள். அரை மணி நேரம். எனக்குப் புரியாததால் நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை ரிஜிஸ்டர் வந்தபோது, கையெழுத்துக்கு மேலே சிவப்பு மையில் எழுதினேன்: முந்தைய வருட மெமோ தவறானது, பொறுப்பாளர் அதைத் திரும்பப் பெறுகிறார், வருத்தம் தெரிவிக்கிறார். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "லேமினேசன் போட்டு ஒட்டிடலாமா சார்?" என்று கேட்டார். ஒட்டிவிட்டார். இன்றும் பூல் ரூமில் இருக்கிறது, என்னுடைய பழைய விதிக்குப் பக்கத்திலேயே.

அந்த இரண்டு விரல்கள் இப்போது கைக்குள் அடங்காத புதராகிவிட்டன. விவேக் நகரிலும் பச்சை நலம். போன மாதம் எங்கள் பிளாக்கின் ஒரு இளம் தம்பதிக்கு நான் ஒரு துண்டு முறித்துக் கொடுத்தேன், அதே நிபந்தனையோடு. எப்படி இருக்கிறது என்று நேற்று கேட்டேன். நுனி கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கிறது அங்கிள் என்று கவலையோடு சொன்னார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

எக்செல் ஷீட்டை நான் அழிக்கவில்லை. ஒரு மாதம் முழுக்க ஒன்பது, ஒன்பது, ஒன்பது என்று நேர்க்கோடாகப் போகும் அந்த வரைபடத்தை அவ்வப்போது திறந்து பார்ப்பதுண்டு. தொட்டியிலோ, ஆபீஸிலோ, கடைசியில் எடுத்தே விட்ட என் சுகர் டெஸ்ட்டிலோ நான் ஆசைப்பட்ட எண் அப்படியே வந்து நின்றால் இப்போதெல்லாம் முதலில் ஒரு பயம்தான் வருகிறது. எழுந்து பால்கனிக்குப் போய், வெள்ளைத் தட்டைப் பிடிக்க யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கிறேன்.